குழந்தைகளோடு பெரிய சுற்றுலா: நாட்களை எண்ணித் திட்டமிடுவது எப்படி?

மலை, கடற்கரை, காடு, பழைய நகரம் எல்லாமே ஒரே பெரிய பிரதேசத்துக்குள் இருந்தால் எதையும் விட மனசு வராது. பத்து நாள் விடுமுறைக்கு ஏழு ஊர் என்று பட்டியல் நீண்டுவிடும். பெரியவர்கள் மட்டும் என்றால் எப்படியோ சமாளிக்கலாம். குழந்தைகள் இருந்தால் மூன்றாம் நாளே அழுகை, சாப்பிட மறுப்பு, தூக்கமின்மை என்று தொடங்கிவிடும். பெரும்பாலும் இதற்குக் காரணம் அடிக்கடி ஊர் மாறுவதுதான். அதனால் எங்கே போகலாம் என்று பார்க்கும் முன், எத்தனை முறை இடம் மாறப்போகிறோம் என்று எண்ணுங்கள்.

படி 1: உண்மையில் கையில் இருக்கும் நாட்கள்

மொத்த நாட்களில் போய்ச் சேரும் நாளையும் கிளம்பும் நாளையும் கழியுங்கள். தங்குமிடம் மாறும் ஒவ்வொரு முறைக்கும் இன்னும் ஒரு நாளைக் கழியுங்கள். 10 நாள் பயணத்தில் மூன்று ஊர்களில் தங்கினால் மாற்றம் இரண்டு; 10 − 2 − 2 = 6 முழு நாட்கள். அதே 10 நாளில் ஐந்து ஊர் என்றால் மாற்றம் நான்கு. கையில் நிற்பது 4 நாள்தான். இரண்டு ஊரைக் கூட்டியதில் சுற்றிப் பார்க்கும் நாட்களில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

கடைசி ஊரைத் தவிர, ஓரிடத்தில் குறைந்தது மூன்று இரவு தங்குவது நல்லது. 9 இரவுகளை 4, 3, 2 என்று பிரித்தால் வசதி. முதல் ஊரில்தான் அதிக நாள் வேண்டும். பயணக் களைப்பு தீர்வது அங்கேதான். நேர வித்தியாசம் உள்ள நாடு என்றால் உடம்பு நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் வீதம்தான் பழகும். கிழக்கு நோக்கிப் போனால் இன்னும் மெதுவாக. முதல் இரண்டு காலைகளில் எந்த முன்பதிவும் வைக்காதீர்கள். கடைசி இரண்டு இரவுகளை விமான நிலையத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பிரதேசத்தைக் குறைப்பது

வரைபடத்தில் ஆசைப்பட்ட இடங்களையெல்லாம் குறியுங்கள். அவை கொத்துக் கொத்தாக விழும். இரண்டு அல்லது மூன்று கொத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் ஊரைத் தங்கலுக்குத் தேர்ந்தெடுங்கள். தனியாகத் தொலைவில் நிற்கும் அந்த ஒரு இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் இந்த முறை விட்டுவிடுங்கள். அதற்காகப் போகவர இரண்டு நாள் செலவாகும்.

அடுத்து வானிலை. பெரிய பிரதேசத்துக்கு மொத்தமாக ஒரே பருவம் கிடையாது. கடற்கரையில் வெயில் அடிக்கும் மாதத்தில் மலைப் பாதை பனியால் மூடியிருக்கலாம். நீங்கள் போகும் மாதத்தின் குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலையையும் மழை நாட்களையும் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். கடலோரத்தில் 32 டிகிரி என்றால் 2000 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 19. இரவில் இன்னும் கீழே. இரண்டு ஊர்களுக்கும் ஒரே மாதம் ஒத்துவரவில்லை என்றால் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

படி 3: வண்டியில் இருக்கும் நேரம்

வரைபடச் செயலி காட்டும் நேரம் நிற்காமல் ஓட்டுவதற்கானது. சிறு குழந்தை இருந்தால் அதை ஒன்றரையால் பெருக்குங்கள்: 4 மணி என்று காட்டினால் 6 மணி. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் குடும்பம் செயலிக் கணக்கில் 3 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பள்ளி வயதுக் குழந்தைகள் மட்டும் என்றால் 4 அல்லது 5 வரை போகலாம், ஆனால் இரண்டு நாள் தொடர்ந்து வேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி ஓட விடுங்கள். கைக்குழந்தையைக் கார் இருக்கையிலேயே இரண்டு மணிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அந்த இருக்கை அதன் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்றதாக, பின் வரிசையில் இருக்க வேண்டும். வாடகை வண்டி என்றால் இருக்கையை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஊர் மாறும் நாளில் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. பல விடுதிகளில் காலை 11-க்குள் காலி செய்ய வேண்டும், புது அறை மாலை 3-க்குத்தான் கிடைக்கும். சீக்கிரமே கிளம்பி மதியம் 12-க்குப் போய்ச் சேர்ந்தால், தூக்கம் சொக்கும் குழந்தையோடு மூன்று மணி நேரம் வரவேற்பறையில் உட்கார வேண்டிவரும். 3 மணிப் பயணத்துக்குக் காலை 10.30-க்குக் கிளம்புங்கள். 12.30-க்கு, ஓடியாட இடமுள்ள ஒரு பூங்காவிலோ ஆற்றங்கரையிலோ ஒன்றேகால் மணி நேரம் நின்று சாப்பாட்டை முடியுங்கள். சாப்பிட்ட குழந்தை மீதித் தூரத்தில் தூங்கிவிடும். 3 மணிக்கு அறை தயாராக இருக்கும்.

வாந்திக்கு வருவோம். பயண வாந்தி இரண்டு வயதுக்குக் கீழ் அபூர்வம். பள்ளி வயதில்தான் அதிகம். உள்காது அசைவை உணர்கிறது, கையில் இருக்கும் கைபேசியையோ புத்தகத்தையோ பார்க்கும் கண்ணுக்கு எதுவும் அசையவில்லை. இந்த முரண்தான் குமட்டலாகிறது. எனவே வளைவுப் பாதையில் திரை, படிப்பு எதுவும் வேண்டாம். தூரத்தில் தெரியும் மலையையோ சாலையையோ பார்க்கச் சொல்லுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. மாத்திரை என்றால் மருத்துவரிடம் கேட்டு, கிளம்ப அரை முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு கொடுத்தால் பலன் குறைவு. சில குழந்தைகள் அந்த மாத்திரையில் தூங்குவதற்குப் பதிலாகத் துள்ளத் தொடங்குவார்கள். வீட்டில் இருக்கும்போதே மருத்துவர் சொல்லும் அளவில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

படி 4: உயரமான இடம் இருந்தால்

2500 மீட்டருக்கு மேல் தங்குவதாக இருந்தால் திட்டத்தின் வரிசையே மாற வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஒரே நாளில் ஏறாதீர்கள். இடையில் ஓர் ஊரில் இரண்டு இரவு தங்குங்கள். அதற்கு மேல், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு வையுங்கள். பெரியவருக்குத் தலை வலித்தால் சொல்லிவிடுவார். இரண்டு வயதுக் குழந்தை சொல்லாது. விளையாடாது, சாப்பிடாது, காரணமில்லாமல் சிணுங்கும், தூங்காது. உயரத்தில் இந்த அறிகுறிகள் வந்தால், வேறு காரணம் உறுதியாகத் தெரியும்வரை உயர நோய் (உயரத்தில் ஆக்சிஜன் குறைவாகக் கிடைப்பதால் வருவது) என்றே எடுத்துக்கொண்டு மேலே ஏறுவதை நிறுத்துங்கள். கூடினால் இரவானாலும் இறங்கிவிடுங்கள். முன்பதிவுப் பணம் போகிறதே என்று காத்திருக்கக் கூடாத இடம் இது.

படி 5: முன்பதிவு வரிசை

முதலில் விமானம் அல்லது ரயில். முடிந்தால் ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் ஏறுங்கள். வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சமாகும். வாடகைக் காரை வேறு ஊரில் விட்டால் கூடுதல் கட்டணம் இருக்கும், அதையும் சேர்த்துப் பாருங்கள். பிறகு தங்குமிடங்கள். அதன்பின், தினசரி ஆள் எண்ணிக்கை வரம்புள்ள தேசியப் பூங்கா, குகை போன்றவை. மற்றதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அறையின் அழகைவிட முக்கியமான கேள்விகள் சில: தரைத்தளமா, மாடியா? பால்கனிக் கம்பிகளின் இடைவெளி எவ்வளவு? நீச்சல் குளத்துக்கு வேலி உண்டா? துணி துவைக்க இயந்திரம் இருக்கிறதா? குழந்தை தூங்கியபின் பெரியவர்கள் விளக்கைப் போட்டு உட்கார வேறு இடம் இருக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. ஒற்றை அறையில் எட்டு மணிக்கே எல்லோரும் இருட்டில் படுத்துக் கிடக்க வேண்டியிருக்கும்.

இரண்டு வயது முடியாத குழந்தைக்கு விமானத்தில் பெரும்பாலும் தனி இருக்கை தேவையில்லை. பயணத்தின் நடுவில் இரண்டு வயது முடிந்தால் திரும்பும் பயணத்துக்கு இருக்கை வாங்க வேண்டும். வெளிநாடு என்றால் பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் அழைத்துப் போனால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தைச் சில நாடுகள் கேட்கும்.

படி 6: ஒரு நாளின் அமைப்பு

ஒரு நாளைக்கு ஒரு பெரிய விஷயம், அதுவும் காலையில். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம் அல்லது ஓய்வு. மாலையில் மணல், ஊஞ்சல், தண்ணீர் என்று எதுவாவது. மூன்று நாளுக்கு ஒன்றைக் காலியாகவே விடுங்கள். மழை கெடுத்த காரியத்தை அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம், துணியும் துவைக்கலாம். பள்ளி வயதுக் குழந்தை ஒவ்வொருவருக்கும் ஒரு அரை நாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுத்துவிடுங்கள். தன் முறை வரும் என்று தெரிந்தால் மற்றவர் தேர்வைப் பொறுத்துக்கொள்வார்கள்.

படி 7: கைப்பை

பெரிய பெட்டி தாமதமானாலும் ஒரு நாள் ஓட வேண்டியது எல்லாம் கைப்பையில் இருக்கட்டும்: ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மாற்று உடை, பெரியவருக்கு ஒரு மேல்சட்டை (வாந்தி பெரும்பாலும் உங்கள் மேல்தான் விழும்), வழக்கமான மருந்துகள், காய்ச்சல் மருந்து, வெப்பமானி, ஓஆர்எஸ் பாக்கெட்டுகள். காய்ச்சல் மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. குழந்தையின் இப்போதைய எடை, மருத்துவர் சொன்ன மில்லி அளவு, இடைவெளி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி மருந்துப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்புச் செறிவு கூடி ஆபத்தாகும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74, அது போதும்.

விமானம் இறங்கத் தொடங்குவது தரை தொடுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பு. காது வலி வருவதும் அப்போதுதான். கைக்குழந்தையை அந்த நேரத்தில் எழுப்பிப் பால் கொடுங்கள், பெரிய குழந்தைக்கு மெல்லவோ சப்பவோ ஏதாவது கொடுங்கள். விழுங்கும்போது காதின் உள்குழாய் திறந்து அழுத்தம் சமமாகும்.