கறிவேப்பிலைத் தொட்டியருகே ஒரு காலைப்பொழுது

பட்டாம்பூச்சியைப் படமெடுக்க அதன் பின்னால் ஓடாதீர்கள். தொட்டியில் ஒரு கறிவேப்பிலை, இடமிருந்தால் ஒரு எலுமிச்சைக் கன்று வையுங்கள். அதுவே தேடி வரும். நான் எடுத்த நல்ல படங்கள் எல்லாம் எங்கள் கொல்லையில் இந்த இரண்டு செடிகளின் பக்கத்தில் எடுத்தவைதான்.

எலுமிச்சைப் பட்டாம்பூச்சி முட்டையிட வந்தால் பார்த்ததுமே தெரியும். பூவில் உட்காராது. இலை இலையாக இறங்கி முன்னங்கால்களால் தட்டித் தட்டிப் பார்க்கும். அதற்குக் காலில் சுவை தெரியும். தோதான கொழுந்து கிடைத்ததும் வயிற்று நுனியை வளைத்து ஒரே ஒரு முட்டை. வெளிர்மஞ்சளாக, கடுகளவுகூட இருக்காது.

குட்டிப் புழு பார்க்கப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல் ஒரு கொம்பை நீட்டும், ஒரு வாடையும் அடிக்கும். "செடியையே மொட்டையடிக்குதே" என்று அத்தை நசுக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தி, பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். இப்போது ரசத்துக்குப் பறிக்கும்போது புழு இருக்கும் கொத்தை அவரே விட்டுவிடுகிறார். செடிக்கு மருந்து அடிக்கவே கூடாது, வேப்பெண்ணெயும் வேண்டாம்.

கூட்டுப்புழுவைத் தினமும் பாருங்கள். கூடு கருத்து, உள்ளே இறக்கையின் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தால் மறுநாள் காலை சீக்கிரம் எழுந்துவிடுங்கள். வெளியே வரும்போது இறக்கை கசங்கிய துணிபோல் இருக்கும். தொங்கியபடியே மெதுவாக விரித்து உலர்த்தும். அந்த நேரத்தில் அது பறக்காது. படமெடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது, ஆனால் தொட்டுவிடாதீர்கள்.

போனே போதும். இறக்கை மூடியிருந்தால் பக்கவாட்டில், விரிந்திருந்தால் மேலிருந்து, போனை இறக்கைக்கு இணையாகப் பிடியுங்கள். திரையில் அதன் கண்ணைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழவே கூடாது, விழுந்த நொடியில் பறந்துவிடும். பூவில் தேன் குடிக்கும்போது இந்த வகை சிறகடித்துக்கொண்டே இருக்கும். கேமரா இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு ஏற்றுங்கள், இறக்கை மங்காமல் பதியும். இளவெயிலில் குளிர்காய இறக்கை விரித்து உட்காரும்போது அவ்வளவு வேகம் தேவையில்லை.

கூட்டிலிருந்து வந்தது முதன்முதலாகப் பறக்கும்போது மட்டும் நான் படமெடுப்பதில்லை. போனை இறக்கிவிட்டு, அது மதிலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன்.