சாதியைப் பற்றி வகுப்பில் பேசுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் சாதி வெறியால் வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் உடன் படித்த மாணவர்களும் இருந்தார்கள். இதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு பள்ளிக்குள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிறு சரி, பேச்சை என்ன செய்வது? சாதியைப் பற்றி வகுப்பில் பேசத்தான் வேண்டும். ஆனால் விதிகளைச் சரியாக வகுக்காமல் தொடங்கினால், ஏற்கெனவே அடிபட்ட பிள்ளைக்குத்தான் மறுபடியும் அடி விழும்.

"எல்லாரும் மரியாதையாகப் பேசுங்கள்" என்பதோடு நிறுத்திவிடுவது முதல் தவறு. எதெல்லாம் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சாதிப் பெயரைத் திட்டாகச் சொல்வது, "கோட்டாவில் வந்தவன்" என்பது, "நீ எந்தத் தெரு?" என்று கேட்பது. கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். ஆனால் தெருவைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும் ஊர்கள் நம்மிடம் நிறைய.

இருப்பதிலேயே பெரிய தவறு, ஒரு மாணவரை எழுப்பி "உன் அனுபவத்தைச் சொல்லேன்" என்பது. கல்வி உதவித்தொகைப் பட்டியல் ஆசிரியர் கையில் இருக்கிறது. யார் என்ன சாதி என்பது அவருக்குத் தெரியும். நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார். ஆனால் அந்தப் பிள்ளை மறைக்க விரும்பியதை வகுப்பே தெரிந்துகொள்கிறது. தானாகக் கை தூக்கினால் பேசட்டும். யாரும் பேசாமல் இருக்கலாம், எழுதியும் கொடுக்கலாம் என்பதை முதலிலேயே விதியாக்கிவிடுங்கள்.

எதையும் பட்டிமன்றமாக்கும் பழக்கம் நமக்கு உண்டு. தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு ஒழித்துவிட்டது. அதற்கு இரண்டு அணி தேவையில்லை. தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டை ஒரு கொள்கையாக எடுத்து அதன் வரலாற்றையும் விளைவையும் தாராளமாக விவாதிக்கலாம். பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கு அங்கே உட்காரத் தகுதி உண்டா என்பது விவாதப் பொருளே அல்ல.

"இங்கே பேசுவது வெளியே போகாது" என்று முழு வாக்குறுதி கொடுக்காதீர்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை பாலியல் கொடுமை பற்றிச் சொன்னால், 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். எந்த இடத்தில் ரகசியம் காக்க முடியாது என்பதை முன்னதாகவே சொல்லிவிடுவதுதான் நேர்மை. மாணவர்களுக்கும் ஒரு வரம்பு வேண்டும்: பிறர் சொன்னதைப் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது.

அப்புறம், விதி மீறப்பட்டால் என்ன நடக்கும் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஒருவர் இழிவாகப் பேசினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, எந்த விதி மீறப்பட்டது என்று சொல்லுங்கள். வகுப்பு முடிந்ததும் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள், முதலில் காயப்பட்டவரிடம். எல்லார் முன்னாலும் "சாரி சொல், கை குலுக்கு" என்று முடித்துவைக்க வேண்டாம். மன்னிப்பதா வேண்டாமா என்பதை அந்தப் பிள்ளை தன் போக்கில் முடிவு செய்யட்டும்.