தனியா பாய்மரப் படகு ஓட்டுறீங்களா? மொதல்ல டில்லரை சரி பண்ணுங்க

டேக் (மூக்கைக் காத்துக்குக் குறுக்கா திருப்புறது), ஜைப் (பின்பக்கத்தைக் காத்துக்குக் குறுக்கா திருப்புறது) எல்லாம் பண்ணத் தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா விஷயத்துக்கு வரேன். தனியா போறப்ப ஒரு கை டில்லர்லயே (சுக்கானைத் திருப்புற கட்டை) மாட்டிக்கிச்சுன்னா மீதி ஒரு கையை வச்சு ஷீட்டை (பாயை இழுத்துக் கட்டுற கயிறு) இழுக்கிறதா, ரீஃப் போடுறதா (பாயோட அளவைச் சுருக்குறது), தண்ணி குடிக்கிறதா? அதுக்குன்னு எடுத்த உடனே டில்லரைக் கயிறு போட்டுக் கட்டாதீங்க, ஆட்டோபைலட்டும் வாங்காதீங்க. பேலன்ஸ் இல்லாத, அதாவது கையை விட்டா பலமா ஒரு பக்கம் இழுக்குற படகுல ஆட்டோபைலட் சுக்கானோட மல்லுக்கட்டியே பேட்டரியைத் தின்னு தீத்துடும்.

காத்து அளவா இருக்கிற நாள்ல, சுத்தி வேற படகு இல்லாத இடமா பாத்து, க்ளோஸ் ரீச்ல (காத்து முன்பக்கமா சாஞ்சு வர்ற மாதிரி ஓட்டுறது) டில்லரை விட்டுடுங்க. மூக்கு காத்தைப் பாத்துத் திரும்பினா வெதர் ஹெல்ம், காத்தை விட்டு விலகினா லீ ஹெல்ம். வெதர் ஹெல்ம் லேசா இருக்கணும், சுக்கான் 3–5 டிகிரி திரும்பி நின்னா போதும், கை நழுவினாலும் படகு காத்துப் பக்கம் திரும்பி வேகம் குறைஞ்சிடும். லீ ஹெல்ம்னா விலகிட்டே போய் கடைசில ஜைப் ஆகி பூம் (பாயோட அடிக்கம்பு) தலையைப் பதம் பாத்துடும்.

இப்ப மெயின்செயில், அதாவது பெரிய பாய். எல்லாரும் மாட்டுறது இங்கதான். இறுக்கிக் கட்டினா வேகம் வரும்னு நெனச்சு இழுத்து வச்சிருப்பாங்க, படகு சாயும், சாயச் சாய மூக்கு காத்துப் பக்கம் இழுக்கும், நீங்க டில்லரை இன்னும் இழுப்பீங்க, சுக்கான் பிரேக் மாதிரி தண்ணியில குறுக்கா நிக்கும். ஷீட்டைத் தளர்த்துங்க, மாஸ்ட்டை (பாய்மரக் கம்பம்) ஒட்டின பாயோட ஓரம் லேசா படபடக்கும், படபடப்பு நிக்கிற அளவுக்கு மட்டும் திருப்பி இழுங்க. டிராவலர் (மெயின் ஷீட்டைப் பக்கவாட்டுல நகர்த்துற தண்டவாளம்) இருந்தா மொதல்ல அதைக் காத்து போற பக்கம் இறக்குங்க. நீங்களும் காத்து வர்ற பக்கம் தள்ளி உக்காருங்க.

இன்னும் இழுக்குதா? மெயினை ரீஃப் பண்ணுங்க. ஜிப்பைச் (முன்பக்கத்துச் சின்னப் பாய்) சுருட்டுறது சுலபம்னு அதை மொதல்ல சுருட்டினா பாயோட பலம் மொத்தமும் பின்னாடி போய் நிலைமை இன்னும் மோசமாகும். சென்டர்போர்டு (படகுக்கு அடியில தண்ணிக்குள்ள இறங்குற பலகை) பின்பக்கமா மடங்குற டைப்னா கால்வாசி தூக்கிப் பாருங்க, வெதர் ஹெல்ம் குறையும். மாஸ்ட் சாய்வை மாத்துறது கடைசி வழி.

இதுக்கப்புறம் தான் கயிறு. ஜிப்பை ஷீட் பண்ணினப்புறம் அந்த ஷீட்லேர்ந்து ஒரு சின்னக் கயிறை காத்து வர்ற பக்கத்து புல்லி வழியா கொண்டு வந்து டில்லர்ல கட்டுங்க, எதிர்ப்பக்கம் ரப்பர் டியூப். காத்து ஏறினா ஷீட் இறுகி டில்லரை காத்துப் பக்கம் இழுக்கும், படகு விலகும், காத்து குறைஞ்சா ரப்பர் திருப்பி இழுத்துக்கும். ஆஸ்பத்திரில யூஸ் பண்ற லேட்டக்ஸ் டியூப் தான் என் சாய்ஸ், பங்கீ (துணி சுத்தின ரப்பர் கயிறு) கொஞ்சம் நீண்டதும் விறைச்சுக்குது. சட்டுனு உருவுற முடிச்சா போடுங்க. லைஃப் ஜாக்கெட்டோட டெதரும் (உங்களைப் படகோட கட்டி வைக்கிற பட்டை) மாட்டிக்கோங்க, இப்படிக் கயிறு கட்டின படகு நீங்க விழுந்தாலும் நிக்காம போயிட்டே இருக்கும்.

பின்னாடி சேர்த்தது: எல்லாம் பண்ணியும் ஒரு பக்கம் இழுக்குதுன்னு சிலர் கேட்டீங்க. அவுட்போர்டு மோட்டார் தண்ணிக்குள்ள தொங்குதான்னு பாருங்க. காத்து நேரா முதுகுல அடிக்கிறப்ப இந்த ஷீட் வித்தை சரியா வராது, ஜிப்பை நடுவுல தட்டையா இறுக்கிக் கட்டிட்டா படகு திரும்பப் பாக்கிறப்ப காத்து அதுல அடிச்சு மூக்கைத் திருப்பித் தள்ளும், ஆனா டில்லரை விட்டு ரொம்ப தூரம் போகாதீங்க.