ரீசெட் பொத்தானைத் தொடும் முன்: கிளவுட் கேமரா சப்போர்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்சிகளை இணையம் வழியாகத் தொலைவிலுள்ள சர்வரில் சேமிப்பவை கிளவுட் கேமராக்கள்; அவற்றுக்கு சப்போர்ட் தருவது எங்கள் வேலை. போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தது பக்கத்து இருக்கையில் இருந்த என் காதில் விழுந்தது. கேமரா ஆஃப்லைன் என்று அவர் சொல்லி முடிக்கக்கூட இல்லை, "பின்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும் சார், ஊசியை விட்டுப் பத்து செகண்ட் அழுத்துங்க" என்று இவர் ஆரம்பித்துவிட்டார். எழுந்து போய் நிறுத்தச் சொன்னேன். பல வருஷத்துக்கு முன் இதே வார்த்தைகளை நானும் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். அன்று என்னைத் தடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

கேபிள் கழன்றிருப்பது, லென்ஸில் தூசி, அணைந்துபோன ரவுட்டர் போன்றவற்றை வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வீர்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பதிவை எடுக்காமல் கேமராவைச் சரிசெய்யப் போவது

அன்று நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை காலை, ஒரு கிடங்கிலிருந்து அழைப்பு. வாசலைப் பார்க்கும் கேமரா சனிக்கிழமை மாலை மின்சாரம் போய் வந்ததிலிருந்து ஆஃப்லைன். என்னிடம் ஒரு ஸ்கிரிப்ட் இருந்தது: ரவுட்டரை அணைத்துப் போடு, கேமராவை அணைத்துப் போடு, சரியாகாவிட்டால் ரீசெட், அதாவது கேமராவைத் தொழிற்சாலை நிலைக்கே திருப்புவது. முதல் இரண்டிலும் பலன் இல்லை. ரீசெட் செய்யச் சொன்னேன். அதற்குப் பிறகும் கேமரா கிளவுடில் சேரவில்லை. அப்போதுதான் அவர் கேட்டார்: "கேமரா கிடக்கட்டும் தம்பி, சனிக்கிழமை ராத்திரி பதிவானதை எப்படி எடுக்கறது? சரக்கு காணாமல் போயிருக்கு."

இணைப்பு இல்லாத நேரத்தில் அந்தக் கேமரா உள்ளே இருந்த மெமரி கார்டில் பதிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. கார்டில் உள்ளவை மறையாக்கம் செய்யப்பட்டவை; அதைத் திறக்கும் சாவி கேமராவுக்குள் இருக்கும். ரீசெட் அழிப்பது அந்தச் சாவியைத்தான். கார்டு அவர் கையில் இருந்தது, ஆனால் அதிலிருந்த எதையும் இனி யாராலும் பார்க்க முடியாது. அவருக்குத் தேவைப்பட்ட ஓர் இரவை, அவர் கையாலேயே அழிக்க வைத்திருந்தேன்.

கோளாறு கேமராவிலேயே இல்லை என்பது பிற்பகல்தான் தெரிந்தது. எங்கள் மூத்த இன்ஜினியர் கேமராவின் உள்பக்கத்தை (பிரவுசரில் திறக்கும் அதன் அமைப்புப் பக்கத்தை) திறந்து முதலில் தேதியைப் பார்த்தார். 1970 ஜனவரி 1. அந்த மாடலில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால், இணையத்தில் சரியான நேரம் சொல்லும் என்.டி.பி. சர்வரைக் கேட்டுத்தான் நேரத்தைத் தெரிந்துகொள்ளும். வெள்ளிக்கிழமை யாரோ ஃபயர்வால் (நெட்வொர்க்கில் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவல்) விதிகளை மாற்றியபோது என்.டி.பி. போகும் வழியான யு.டி.பி. போர்ட் 123-ஐ அடைத்துவிட்டார்கள். கடிகாரம் 1970-இல் நிற்கும் கேமராவுக்கு, கிளவுட் சர்வர் தன் அடையாளமாகக் காட்டும் டி.எல்.எஸ். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்காத ஒன்றாகவே தெரியும். இணைப்பை அது மறுத்தது சரியான நடத்தைதான். விதியைத் திருத்தியதும் கேமரா தானாக ஆன்லைனுக்கு வந்தது. நான் செய்யச் சொன்ன ரீசெட்டால் ஒரு பயனும் இல்லை, பதிவு போனதுதான் மிச்சம்.

ரீசெட் செய்யாமல் இருந்திருந்தால் அந்தப் பதிவின் நேர முத்திரையும் 1970 என்றே இருந்திருக்கும். ஆனாலும் பயன்பட்டிருக்கும். மின்சாரம் திரும்பிய கணத்தில் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியிருக்கிறது. மின்சாரம் வந்த நேரம் தெரிந்தால் ஒவ்வொரு காட்சியின் உண்மையான நேரத்தையும் கூட்டிக் கணக்கிட்டுவிடலாம். இதை அன்று எனக்குச் சொன்ன அந்த மூத்த இன்ஜினியர் என்னைத் திட்டவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இத்தனை வருஷம் கழித்தும், நான் பார்க்கும் பல ஸ்கிரிப்ட்களில் ரீசெட் மூன்றாவது படியாகவே நிற்கிறது. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இங்கேதான். அந்த ஸ்கிரிப்டை எழுதியவருக்குக் கேமரா ஒரு சாதனம், அது பச்சை விளக்குக்குத் திரும்பினால் வேலை முடிந்தது. போன் செய்பவருக்கோ கேமரா எடுத்து வைத்திருப்பதுதான் முக்கியம். கணக்கிலிருந்து கேமராவை நீக்கிவிட்டு மறுபடி சேர்ப்பதும் இதே ரகம்தான். பல சேவைகளில் கேமராவை நீக்கினால் அதன் பெயரில் கிளவுடில் இருக்கும் பழைய பதிவுகளும் சேர்ந்து போய்விடும். எச்சரிக்கைப் பெட்டி வரும். அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.

ஆகவே முதல் கேள்வி, "எந்த நாள், எந்த நேரத்துப் பதிவாவது உங்களுக்கு வேண்டுமா?" என்பதாக இருக்கட்டும். வேண்டும் என்றால் கிளவுடில் இருப்பதை உடனே ஏற்றுமதி செய்து, காலாவதியாகி அழியாதபடி பூட்டி வையுங்கள். அடுத்து கார்டு. கேமராவின் உள்பக்கம் வழியாக அதிலிருப்பதை இறக்க முடியுமா என்று பாருங்கள். அதன் பிறகு லாக், அதாவது கேமரா தனக்குள் நடப்பதைக் குறித்து வைக்கும் குறிப்பு. பல கேமராக்கள் லாக்கைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைக்கின்றன. ரீபூட் செய்தாலே போய்விடும். லாக்கை எடுத்த பிறகுதான் ரீபூட். ரீசெட் கடைசி. அதையும், என்னென்ன அழியும் என்று எழுத்தில் சொல்லி, சரி என்ற பதில் வந்த பிறகே.

இதில் தாமதிக்கவும் கூடாது. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் விடாமல் பதியும் கேமரா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி எழுதும். 128 ஜிபி கார்டு 6 நாளுக்குள் நிரம்பி, பழையதன் மேல் புதியதை எழுதத் தொடங்கும். 4 மெகாபிட் என்றால் 3 நாள்தான். "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்" என்று பதில் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இணைப்பு திரும்பிய பிறகும் கைகளைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு. விடுபட்டதைத் தானாக மேலேற்றும் வசதியுள்ள கேமராவில், 2 மெகாபிட்டில் 3 நாள் பதிவு என்றால் சுமார் 65 ஜிபி. மற்றவற்றுக்குப் போக லைனின் அப்லோடில் 4 மெகாபிட் மிச்சம் இருந்தால் அது போய்ச் சேர 36 மணி நேரம் ஆகும். நடுவில் "இன்னும் வரவில்லையே" என்று கேமராவை அணைத்துப் போடாதீர்கள்.

டவுன்லோடு வேகத்தைப் பார்த்துவிட்டு லைன் நன்றாக இருக்கிறது என்பது

கேமரா அனுப்புகிறது. அப்லோடைப் பாருங்கள். 8 கேமரா, தலைக்கு 2 மெகாபிட் என்றால் 16 மெகாபிட் இரவும் பகலும் மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

இரவில் மட்டும் போகும் கேமராவுக்குக் கிளவுடைக் குறை சொல்வது

பகலெல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டு, இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரிகிறது என்றால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். இருட்டினால் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும், கேமரா இழுக்கும் மின்சாரம் கூடும். நெட்வொர்க் கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரமும் தருவது பி.ஓ.ஈ. ஸ்விட்ச். அதில் 802.3ஏஎஃப் வகை ஒரு போர்ட்டில் 15.4 வாட் தரும்; 100 மீட்டர் கேபிளைத் தாண்டிக் கேமராவுக்கு உறுதியாகக் கிடைப்பது 12.95 வாட். மலிவான கேபிள், அல்லது நீளம் 100 மீட்டரைத் தாண்டியது என்றால் அதிலும் குறையும். ஸ்விட்ச்சின் மொத்த வரம்பு என்று இன்னொன்று இருக்கிறது. எட்டு போர்ட் இருந்தும் மொத்தமே 60 வாட் தரும் ஸ்விட்ச்சுகள் உண்டு. எட்டு கேமராவும் ஒரே நேரத்தில் விளக்கேற்றினால் ஏதாவது ஒன்று விழலாம். புதியவர்கள் இதைப் பார்த்து சர்வர் கோளாறு என்று எழுதி, டிக்கெட்டை (புகார்ப் பதிவை) மேலே தள்ளிவிடுகிறார்கள். இன்ஃப்ராரெட்டை ஓர் இரவு அணைத்து வைத்துப் பாருங்கள்; கேமரா விழாமல் நின்றால் காரணம் தெரிந்துவிடும்.

ஃபர்ம்வேரை எல்லாக் கேமராவிலும் ஒரே நேரத்தில் ஏற்றுவது

ஃபர்ம்வேர் என்பது கேமராவுக்குள் ஓடும் மென்பொருள். முதலில் ஒன்றில் ஏற்றுங்கள். மறுநாள் மற்றவை.

போர்ட் ஃபார்வர்டிங் செய்யச் சொல்வது

வெளி இணையத்திலிருந்து கேமராவுக்கு வர ரவுட்டரில் வழி திறந்துவிடுவதுதான் இது. வேண்டாம். கிளவுட் கேமரா உள்ளிருந்து வெளியே இணைகிறது, வெளியிலிருந்து யாரும் உள்ளே வரத் தேவையில்லை. 2016-இல் மிராய் என்ற தீநிரல், இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் (காட்சியைப் பதியும் பெட்டிகளையும்) தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வைத்தே கைப்பற்றியது.

வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் கேட்பது

கேட்காதீர்கள். அவராகச் சொன்னாலும் நிறுத்தி, மாற்றச் சொல்லுங்கள். அவர் அனுமதித்து, குறிப்பிட்ட நேரத்தில் தானாக முடிந்துவிடும் அணுகலை மட்டும் பயன்படுத்துங்கள். 2021 மார்ச்சில் வெர்காடா என்ற கிளவுட் கேமரா நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள், அதன் சப்போர்ட் குழு பயன்படுத்திய ஒரு சர்வர் வழியாகத்தான் வந்தார்கள். மருத்துவமனைகள், பள்ளிகள், சிறைகள் வரை கேமரா காட்சிகள் அவர்கள் கண்ணில் பட்டன. நம் கையில் இருக்கும் அணுகல் அவ்வளவு பெரியது. கோளாறைப் பார்க்கக் காட்சி தேவையில்லை என்றால் காட்சியைத் திறக்கவே வேண்டாம். அங்கே நடமாடுகிறவர்கள் நமக்கு அனுமதி தந்தவர்கள் இல்லை.

லைவ் வருகிறது என்று டிக்கெட்டை மூடுவது

லைவ் வேறு, பதிவு வேறு. சந்தா முடிந்திருக்கலாம், பதிவு அட்டவணை காலியாக இருக்கலாம், அசைவு வந்தால் மட்டும் பதியும் அமைப்பில் கண்காணிக்கும் பகுதியே குறிக்கப்படாமல் இருக்கலாம். மூன்றிலும் லைவ் அழகாக ஓடும். நேர மண்டலம் தவறாக இருந்தாலும் லைவில் தெரியாது. யாராவது ஒரு நாள் இரவு 10 மணிக் காட்சியைத் தேடும்போதுதான் வெளியே வரும். டிக்கெட்டில் கேமரா காட்டும் நேரத்தையும் உண்மை நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

நான் மூடுவதற்கு முன், சரிசெய்த பிறகு ஒரு நிமிடம், நள்ளிரவில் ஒரு நிமிடம், மறுநாள் காலை ஒரு நிமிடம் என்று மூன்று துண்டுகளைக் கிளவுடிலிருந்து இறக்கி ஓட்டிப் பார்க்கிறேன். போன வாரம் அந்தப் புதியவர் எடுத்த அழைப்பில் ஸ்விட்ச் போர்ட் ஒன்று பழுதாகியிருந்தது. கார்டில் இரண்டு நாள் பதிவு பத்திரமாக இருந்தது, முதலில் அதை எடுத்தோம், பிறகு போர்ட்டை மாற்றினோம். நள்ளிரவுத் துண்டு கொஞ்சம் விட்டுவிட்டு ஓடுவதால் அவர் அந்த டிக்கெட்டை இன்னும் மூடவில்லை.