கடலோரச் சுற்றுலாத் தலம் மாறிய விதத்தை மணலிலிருந்து கண்டறிவது எப்படி?

கடலோரச் சுற்றுலாத் தலமொன்று எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் விடுதிகளை எண்ணத் தொடங்குவார்கள். அவற்றையும் எண்ண வேண்டியதுதான். ஆனால் தொடங்க வேண்டிய இடம் மணல்.

முதலில் பழைய படங்களைத் திரட்டுங்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் எடுத்த படங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1980களுக்குப் பிந்தைய படங்களில்கூட ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர் அகலத்தைக் குறிப்பதால், பத்து மீட்டர் மணல் போய்விட்டது என்று அவற்றை மட்டும் நம்பிச் சொல்லிவிடாதீர்கள். விமானத்திலிருந்து எடுத்த படங்களையும் பழைய அஞ்சலட்டைகளையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும் படங்கள் ஒரே மாதத்தில், ஏறக்குறைய ஒரே ஓத நிலையில் (கடல்நீர் ஏறி இறங்கும் மட்டத்தில்) எடுக்கப்பட்டவையாக இருப்பது மிக முக்கியம். புயல் பருவத்தில் மெலிந்து, அமைதியான மாதங்களில் மீண்டும் அகலமாவது கடற்கரையின் இயல்பு. இதை மறந்தவர்கள்தாம் இரண்டே படங்களைக் காட்டிக் கடல் ஊரை விழுங்கிவிட்டது என்பார்கள்.

அடுத்து, அலைத்தடுப்புச் சுவர்கள், தூண்டில் வளைவுகள் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்கள்), படகுத்துறைகள் ஆகியவை எழுந்த ஆண்டுகளைக் கரையின் வரைபடமொன்றில் குறியுங்கள். கரையோரமாக நகரும் மணலைத் தூண்டில் வளைவு ஒரு பக்கம் தேக்கிவைத்து, மறுபக்கத்தைப் பட்டினி போடுகிறது. ஆகவே, விடுதிகள் நிறைந்த கரை நன்றாக இருந்தால் அதோடு நின்றுவிடாமல், மணல் நகரும் திசையில் அடுத்துள்ள கரையையும் பாருங்கள். மணல்மேடுகள் இருந்த இடத்தில் என்ன கட்டப்பட்டது என்பதும் இதே அளவுக்கு முக்கியம். மெக்சிகோவின் கான்கூனில் 1970களிலிருந்து குறுகிய மணல்திட்டின் மீதே விடுதிகள் நிறைந்தன. 2005இல் வில்மா சூறாவளி கரை மணலை அரித்துச் சென்றபின், கடலடியிலிருந்து மணலை இறைத்துக் கொட்ட வேண்டியதாயிற்று.

கிணறுகளை விட்டுவிடாதீர்கள். கடலோர நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது; கோட்பாட்டுக் கணக்கின்படி நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், உப்புநீர் சுமார் 40 மீட்டர் மேலேறக்கூடும். நீச்சல்குளங்கள் பெருகிய ஆண்டுகளையும் கிணற்றுநீர் கரித்த ஆண்டுகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள். கழிவுநீர் போகும் வழியையும் விசாரியுங்கள். பிலிப்பைன்ஸின் போராக்காய் தீவு 2018இல் ஆறு மாதம் மூடப்பட்டதற்கு அதுவே முதன்மைக் காரணம்.

ஒரு சுற்றுலாத் தலத்தின் வளர்ச்சியை விளக்க ஆய்வாளர் பட்லர் 1980இல் வகுத்த ஆறு கட்டங்கள், கண்டுபிடிப்பில் தொடங்கித் தேக்கத்தையும் அதன் பின்விளைவையும் எட்டுபவை, பெயர்ச்சீட்டுகளாக உதவும். ஆனால் எல்லா ஊர்களும் அந்த வரிசையில் நடப்பதில்லை என்பதால், தரவைக் கட்டத்துக்குள் திணிக்காதீர்கள்.

கடைசியாக, கூட்டமில்லாத பருவத்தில், வாரநாள் இரவொன்றில் கரையோரத் தெருவில் நடந்து, விளக்கெரியும் சன்னல்களையும் இருண்டவற்றையும் தனித்தனியே எண்ணுங்கள். அடுத்த ஆண்டும் அதே வாரத்தில், அதே தெருவில் எண்ணுங்கள். அங்கே குடியிருப்பவர்கள் குறைகிறார்களா என்பது அந்தக் கணக்கில் தெரியத் தொடங்கும்.