ஐஸைக் குறைத்தால்தான் பானம் தண்ணீராகும்: வீட்டுக் கொக்டெயிலில் நடக்கும் பிழைகள்

"ஐஸ் கூடினால் தண்ணியாப் போயிடும்" என்று சொல்லி கிளாஸில் இரண்டே கட்டி போடுவதுதான் வீட்டில் கொக்டெயில் கலக்குபவர்கள் செய்யும் முதல் பிழை. நடப்பது நேர்மாறு. கிழக்கிலங்கையின் கல்லடியிலோ அக்கரைப்பற்றிலோ அலுமாரியில் இருக்கும் போத்தல் பகலில் 30 பாகை செல்சியஸை அண்டியிருக்கும். அதைக் குளிராக்கும் வேலை முழுவதும் இரண்டு கட்டியின் தலையில் விழுந்தால், அவை கரைந்து முடிந்தபிறகும் பானம் போதியளவு குளிராது. குலுக்கும் பாத்திரத்தில் முக்கால்வாசிக்கு ஐஸ் நிரப்புங்கள். 12 முதல் 15 விநாடி பலமாகக் குலுக்கினால் போதும். பாத்திரத்தின் வெளிப்புறம் கையில் ஒட்டுமளவு குளிர்ந்திருக்கும். அப்படிக் குலுக்கிய பானத்தில் ஏறத்தாழ கால் பங்கு ஐஸ் உருகிய நீர்தான். அந்த நீர் தேவை. அது இல்லாவிட்டால் மது தொண்டையைச் சுடும்.

ஐஸின் மணத்தையும் பாருங்கள். வாவி இறால் பொதிக்குப் பக்கத்தில் மூடாமல் வைத்த தட்டின் ஐஸ், எவ்வளவு நல்ல ஜின்னையும் மீன் வாடையாக்கிவிடும். மூடியுள்ள பெட்டியில் உறைய வையுங்கள். கடையில் வாங்கிய பை ஐஸ் வீடு வருவதற்குள் ஈரமாகிவிடும். வடிகட்டி, அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்துப் பாவியுங்கள்.

அடுத்தது அளவு. போத்தல் மூடியால் அளப்பதும் கண்மட்டத்தில் ஊற்றுவதும் புளிப்பு வகைப் பானங்களை உடனே கெடுக்கும், ஏனென்றால் 5 மில்லிலீற்றர் தேசிப்புளி கூடினாலே நாக்குக்குத் தெரியும். பாணி மருந்தோடு வரும் அளவு மூடி இருந்தாலே போதும். கியூபாவின் டைக்கிரி என்ற பானத்துக்கு ரம் 60, தேசிப்புளி 25, சீனிப்பாணி 20 மில்லிலீற்றர். ரம்முக்குப் பதில் தென்னஞ்சாராயம் ஊற்றினால் மிக நன்றாக வரும், ஆனால் அளவை அப்படியே எடுக்காதீர்கள். ரம்மில் மதுசாரம் பெரும்பாலும் 40 வீதம். நம் சாராயங்கள் பல 33 வீதத்தை அண்டியவை. புளியை 20 ஆகவும் பாணியை 15 ஆகவும் இறக்கினால்தான் சாராயத்தின் மணம் மேலே வரும். லேபிளில் வீதத்தைப் பாருங்கள். லேபிளே இல்லாத கள்ளச்சாராயமான கசிப்பைக் கலவைக்குள் கொண்டுவரவே வேண்டாம். மெதனோல் கலந்திருந்தால் சுவையிலோ மணத்திலோ தெரியாது, தேசிப்புளியும் சீனியும் அதை முறிக்காது. கண்பார்வை போகும், உயிரும் போகும்.

சீனியை நேராகப் போட்டுக் குலுக்குவதும் பிழைதான். குளிர்ந்த மதுவில் சீனி கரையாது, அடியில் மணலாய்த் தங்கும். 200 கிராம் சீனியை 200 மில்லிலீற்றர் சுடுநீரில் கரைத்து ஆறவிட்டு பிரிட்ஜில் வைத்தால் இரண்டு கிழமை தாங்கும். தேனுக்கும் இதே கதை. 'பீஸ் நீஸ்' என்ற பானம் ஜின் 60, தேசிப்புளி 20, தேன்பாணி 20 கொண்டது. காட்டுத்தேனை அப்படியே ஊற்றினால் ஐஸ் பட்டதும் இறுகி, கட்டியாய்ப் பாத்திரத்தில் ஒட்டிவிடும். குடிப்பவருக்கு வெறும் புளிதான் மிஞ்சும். இரண்டு பங்கு தேனுக்கு ஒரு பங்கு இளஞ்சூட்டு நீர் சேர்த்து முதலில் இளக்குங்கள். கித்துள் பாணிக்கும் இந்த அளவே.

தேசிக்காயைக் கலக்கும் நேரத்தில்தான் பிழிய வேண்டும். காலையில் பிழிந்து வைத்தது மாலையில் மங்கிப்போகும். தோல் நசுங்கும்வரை முறுக்கினால் கசப்பு இறங்கும்.

பழச்சாறு உள்ளதைக் குலுக்குங்கள், வெறும் மது வகைகளை மட்டும் சேர்ப்பதைக் கரண்டியால் கலக்குங்கள். நெக்ரோனி என்ற பானத்துக்கு ஜின், கம்பாரி என்ற கசப்பு மது, மூலிகை சேர்த்த வைனான சிவப்பு வெர்மூத் தலா 30 மில்லிலீற்றர், ஐஸோடு 30 விநாடி கலக்கினால் கண்ணாடிபோலத் தெளிவாயிருக்கும். குலுக்கினால் காற்று புகுந்து கலங்கும். சோடாவையும் ஜிஞ்சர் பியரையும் எக்காரணம் கொண்டும் குலுக்காதீர்கள், மூடி பறக்கும். அவற்றைக் குளிரவைத்து, கடைசியில் கிளாஸின் ஓரமாக ஊற்றுங்கள்.

வெர்மூத்தை மற்றப் போத்தல்களோடு அலுமாரியில் வைப்பவர்கள் அநேகம். அது வைன் வகை. திறந்த பின் நம் வெக்கையில் விரைவாகப் புளித்துவிடும். திறந்த திகதியைப் போத்தலில் எழுதி, பிரிட்ஜில் வைத்து, ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.