எடை குறைப்பு ஆபரேஷன்: முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வாயைக் கட்டினால் போதும், இதற்குப் போய் ஆபரேஷனா?" உடல் பருமனோடு போராடுகிறவர்கள் கேட்டுக் கேட்டு நொந்துபோன பேச்சு இது. முதல் தவறே இந்த எண்ணம்தான். உணவைக் குறைத்து எடை இறங்கும்போது பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடுகிறது. உடல் செலவழிக்கும் ஆற்றலும் குறைந்துவிடுகிறது. இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க உடலே தொடர்ந்து முயல்கிறது. அதனால் மன உறுதி இல்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்வது மருத்துவ ரீதியாகவே தவறு.

எடை குறைப்பு ஆபரேஷனில் பரவலாகச் செய்யப்படுபவை ஸ்லீவ், பைபாஸ் என்ற இரண்டு முறைகள். ஸ்லீவ் முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் அகற்றிவிடுகிறார்கள். கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். பைபாஸில், சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் சிறு பையை இரைப்பையின் மேல்பகுதியில் உருவாக்கி, அதை நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். இரண்டிலும் சாப்பிடும் அளவு மட்டும் குறைவதில்லை; பசியையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களே மாறுகின்றன. எடை பெரிதாகக் குறையும் முன்பே சிலருக்குச் சர்க்கரை அளவு இறங்குவது இதனால்தான்.

பருமன் முற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது அடுத்த தவறு. பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 40, கூடவே வேறு நோய் இருந்தால் 35 என்பது இந்த ஆபரேஷனுக்கு 1991-ல் வகுத்த அளவு. 2022-ல் சர்வதேச மருத்துவச் சங்கங்கள் இதைத் தளர்த்தின. இப்போது 35-ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 27.5-லிருந்தே இதைப் பற்றி யோசிக்கலாம். சுவீடனில் 1987-ல் தொடங்கி நீண்ட காலம் நடந்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே இறப்பு விகிதம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. இது அழகுக்கான சிகிச்சை இல்லை. தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷனோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தெரிந்தவர் ஒருவர் ஸ்லீவ் செய்துகொண்டு நன்றாக இருக்கிறார் என்பதற்காக அதையே கேட்டு வாங்குவதும் சரியில்லை. கடுமையான நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம். அவருக்கு பைபாஸ் பொருத்தமாக இருக்கும். புகை, குடி, மன அழுத்தத்தில் கட்டுமீறிச் சாப்பிடும் பழக்கம் எதுவாக இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். எந்த முறை ஏற்றது என்பதை இவையெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரங்களைப் பலர் வீணாக்குகிறார்கள். இனிமேல் சாப்பிட முடியாதே என்று பிடித்ததையெல்லாம் ஒரு கை பார்க்கத் தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த நாட்களில் குறைந்த கலோரி உணவு தருவதற்குக் காரணம் கல்லீரல். பருமனானவர்களுக்கு அது கொழுப்பேறி வீங்கியிருக்கும். இரைப்பைக்கு மேல் படர்ந்திருக்கும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷனில்) வேலை செய்ய வேண்டும். கல்லீரல் சுருங்கியிருந்தால் வேலை எளிது, ஆபத்தும் குறைவு.

சரி, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. உண்மையில் கவனம் தேவைப்படுவது இனிமேல்தான். முதல் நாட்களில் இதயம் படபடவென்று வேகமாகத் துடித்தால், காய்ச்சலோ வயிற்றுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால், "வாயுவாக இருக்கும்" என்று படுத்துவிடாதீர்கள். தைத்த இடத்தில் கசிவாகவோ நுரையீரலில் ரத்தக்கட்டாகவோ இருக்கலாம். உடனே போக வேண்டும்.

வாந்தியும் அப்படித்தான். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி சகஜம் என்று வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்வதை நான் மிக ஆபத்தான தவறாகப் பார்க்கிறேன். தயமின் என்ற வைட்டமின் பி1-ன் இருப்பு உடலில் சில வாரங்களுக்குத்தான் வரும். தொடர்ந்து வாந்தி எடுத்தால் அது தீர்ந்து, பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அந்த நிலையில் தயமின் இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். எனவே எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எடை குறைப்பு ஆபரேஷன் ஆனவர் என்பதைக் கூட வருகிறவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மற்ற வைட்டமின் மாத்திரைகளை நிறுத்துபவர்கள் அடுத்த வாரமே எதையும் உணர்வதில்லை. பி12 இருப்பு கரைய வருடங்கள்கூட ஆகும். கால் மரத்துப்போகும்போது தாமதமாகியிருக்கும். இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி எல்லாமே ஆயுள் முழுக்கத் தேவை. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். புரதம் தினமும் 60 கிராமாவது வேண்டும், அதனால் தட்டில் முதலில் கைவைக்க வேண்டியது புரதத்தில்தான். மூன்று, நான்கு மாதத்தில் முடி கொட்டினால் பதற வேண்டாம். வேகமாக எடை குறைவதன் விளைவு அது, பெரும்பாலும் திரும்ப வளரும்.

பழைய சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை அதே அளவில் தொடர்ந்தால் சர்க்கரையோ பிரஷரோ தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரைக் கேட்டு அளவைக் குறைக்க வேண்டும். பைபாஸ் ஆனவர்கள் மூட்டுவலிக்கு இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றைத் தாங்களாக வாங்கிப் போடக் கூடாது. குடலை இணைத்த இடத்தில் புண் வந்துவிடும். புகையும் அதையே செய்யும். மது முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது.

எடை குறைந்ததும் மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கருத்தரிப்பவர்கள் உண்டு. 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

சில வருடங்களில் கொஞ்சம் எடை திரும்பக் கூடுவது பலருக்கும் நடக்கிறது. அப்போது வெட்கப்பட்டு செக்கப்புக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். உணவு முறையைத் திருத்துவது, பசியைக் குறைக்கும் செமாகுளூடைடு போன்ற மருந்துகள், தேவைப்பட்டால் இன்னொரு அறுவை சிகிச்சை என்று அப்போதும் வழிகள் உண்டு. ஐந்து கிலோ கூடியதுமே போனால் செய்வதற்கு நிறைய இருக்கிறது.